புகை கிளம்பிய கட்டம்

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புகை மேடம், அவ்வளவுதான். லிஃப்டில் உடன் வரும் வெளியாட்கள் அதைக் கேட்டால் அவள் விரல்களை ஒரு தரம் பார்ப்பார்கள், சிகரெட் இருக்கிறதா என்று.

வானிலை மையத்தின் நான்காவது மாடியில் புயலைப் பார்க்கிறவர்களுக்கு ஜன்னல் ஓரம். தொலைக்காட்சிக்காரர்கள் வந்தால் நேராக அங்கேதான் போவார்கள். அடுத்தது மழை மேசை. புகை மேசை கடைசியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில் கிடந்தது. ஈரக் கையோடு வருகிறவர்கள் எல்லோரும் அவள் திரையை எட்டிப் பார்த்து, "இன்னைக்கு எங்க எரியுது?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அவளும் சளைக்காமல், "இன்னைக்கு உங்க வயிறு மட்டும்தான்" என்பாள்.

வேலை என்னவோ கேட்பதற்குச் சாதாரணமானதுதான். செயற்கைக்கோளிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வரும். படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, எந்தக் காட்டிலிருந்து புகை கிளம்புகிறது, எந்தப் பக்கம் போகிறது, எந்த ஊர்களின்மேல் படியும் என்று பார்த்து, அதன் விளிம்பைக் கையாலேயே வரைய வேண்டும். மெலிசு, நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று நிறம். கணினியே இதைச் செய்துவிடும் என்று சொல்லி ஒரு மென்பொருள் வந்தது. அது காலைப் பனியையெல்லாம் புகை என்று சொல்லி, ஒரு நாள் ஒரு ஏரியையே எரியவிட்டது. மறுபடியும் அவள் கைக்கே வேலை வந்தது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. மேகம் மறைத்தால், புகை தரையில் இருக்கிறதா உயரத்தில் மிதக்கிறதா என்று பிடிபடாவிட்டால், அறிக்கையில் 'தெரியவில்லை' என்று எழுதிவிடுவாள். பிரிவுத் தலைவருக்கு அந்தச் சொல்லைக் கண்டாலே ஆகாது. "சம்பளம் வாங்கிட்டுத் தெரியலைன்னு எழுதுற ஒரே ஆள் நீங்கதான்" என்பார். அவள் அடுத்த முறையும் அதையேதான் எழுதுவாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நகரத்தில் ஒரு அடுக்குமாடியில் தனியாக இருந்தாள். உறவு என்று சொல்லிக்கொள்ள அண்ணனும் அண்ணியும். அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தன் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு மலையடிவாரத்தில் இருந்த ஆரஞ்சுத் தோட்டத்தில் இறங்கினான். விடுதியில் சேர்க்கப் போனபோது, அப்பா பெயர் எழுதும் இடத்தில் எதையோ எழுதி, அடித்து, தன் பெயரை எழுதியவன். அவளை 'குட்டி' என்றுதான் கூப்பிடுவான். முடியெல்லாம் நரைக்க ஆரம்பித்த பிறகும் குட்டிதான்.

அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. ஒரு நாள் மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தெற்கு மலைச் சரிவில் ஒரு நூல் இழை மாதிரி ஏதோ நீண்டிருந்தது. முந்தைய படத்தில் அது இல்லை. அடுத்த படத்தில் இழை கயிறாகியிருந்தது. அந்த மலையின் வளைவு அவளுக்குத் தன் உள்ளங்கை மாதிரி. அண்ணனின் தோட்டம் அந்தச் சரிவில்தான். எழுதவேண்டிய எச்சரிக்கையை எழுதித் தீயணைப்புத் துறைக்கு அனுப்பிவிட்டு, உடனே போனை எடுத்தாள்.

"அண்ணா, எங்க இருக்க?"

"தோட்டத்துலதான். ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"உன் பக்கம் புகை கிளம்பியிருக்கு. தெரியுதா?"

அந்தப் பக்கம் கொஞ்சம் சத்தமே இல்லை. பிறகு, "தெரியுது. மேட்டுக்கு அந்தப் பக்கம்னு நினைக்கிறேன். காத்து வேற பேயா அடிக்குது" என்றான்.

"அந்தக் காத்து உன் பக்கம்தான் திரும்பப் போகுது. அண்ணியைக் கூட்டிட்டுக் கிளம்பு."

"மோட்டாரைப் போட்டு ஓரமா நனைச்சு விட்டுட்டு…"

"மோட்டாரும் வேணாம் ஒண்ணும் வேணாம். கிளம்புண்ணா!"

இரண்டு பைகளோடு அவர்கள் சாலைக்கு வந்து சேர்வதற்கும் தோட்டத்தின் மேல்வரிசை மரங்கள் பற்றிக்கொள்வதற்கும் சரியாக இருந்தது. பக்கத்துச் சரிவு முழுவதும் ஒரு மரக் கம்பெனிக்குச் சொந்தம். காகிதத்துக்காக நெருக்கி நட்ட மரங்கள். அது வத்திப்பெட்டி மாதிரி எரிந்தது. தீ மலையைச் சுற்றிக்கொண்டு அடுத்த சரிவுக்கும் போனது.

மறுநாள் புகை நகரத்துக்கு வந்துவிட்டது. சூரியன் பழைய செப்புக் காசு மாதிரி தொங்கியது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அவள் வரைந்த வரைபடத்தில் நகரத்தின்மேல் அடர்த்தி நிறம். அவளே அந்த நிறத்துக்குள் உட்கார்ந்து இருமிக்கொண்டு வரைந்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அடுக்குமாடியின் காவலாளி வழக்கம்போல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மேடம், உங்க ஆளு வந்துட்டாரு போலிருக்கே?" என்று வானத்தைக் காட்டிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"உள்ள போய் உக்காருங்க. வெளிய இருக்காதீங்க."

"உள்ள உக்காந்தா செகரட்டரி சத்தம் போடுவாரு மேடம். கேட்டுக்கு ஆளு வேணும்ல?"

அவள் செகரட்டரியிடம் சொன்னாள். பார்க்கலாம் என்றார் அவர். தன்னிடம் இருந்த முகமூடிகளைக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த வாரம் முடிவதற்குள் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அவர் மாதிரி இன்னும் பல பேர். அவருடைய நாற்காலியை எடுத்து மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டு, கேட்டுக்கு வேறு ஆள் வைத்தார்கள்.

அண்ணனும் அண்ணியும் அவள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தோட்டத்து வீடு பாதி போய்விட்டது, மரங்கள் முக்கால்வாசி. அண்ணன் நாள் முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். சத்தத்தைக் குறைத்து வைத்துப் படத்தை மட்டும் பார்த்தான். அண்ணிதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போன் பண்ணலைன்னா நாங்க கரிக்கட்டைதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தீ அடங்கியதும் ஊருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. யார் வைத்தது? எல்லா வாயிலும் இதே பேச்சு. பிரிவுத் தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எங்க ஆரம்பிச்சதுன்னு மேலிடத்துல கேக்குறாங்க. படங்களைப் பின்னாடி ஓட்டிப் பாத்து ஒரு அறிக்கை குடுங்க."

"சார், எங்க அண்ணன் தோட்டம் அங்கதான் இருக்கு. இதை வேற யார்கிட்டயாவது குடுங்களேன்."

"வேற யாரு இருக்கா? பாதிப் பேர் இருமிட்டு லீவுல கிடக்கான். படத்துக்கு அண்ணன் தம்பி கிடையாது மேடம். உள்ளதை உள்ளபடி எழுதுங்க, போதும்."

உள்ளதை உள்ளபடி என்றதும் அவளால் மறுக்க முடியவில்லை. படங்களைப் பின்னோக்கி ஓட்டினாள். நகரத்தை மூடியிருந்த புகை சுருங்கிச் சுருங்கி, மலைக்குத் திரும்பி, கயிறாகி, இழையாகி, கடைசியில், படத்தைக் கூறுபோடும் சதுரக் கட்டங்களில் ஒரே ஒரு கட்டத்துக்குள் போய் நின்றது. திரையில் அது ஒரு கடுகு அளவு. ஆனால் தரையில் அந்தக் கட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்தால் அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நடைக்குள் அண்ணனின் தோட்டம் இருந்தது. மரக் கம்பெனியின் சரிவு இருந்தது. கம்பெனி ஆலைக்குப் போகும் பழைய மின்கம்பி இருந்தது. யாரும் வண்டியை நிறுத்திச் சிகரெட் பிடிக்கக்கூடிய சாலையும் இருந்தது. இன்னும் கூர்மையான கண் உள்ள வேறொரு செயற்கைக்கோள் உண்டு. அது தீ பிடிப்பதற்கு முன்னால் ஒருமுறை கடந்து போயிருந்தது. அடுத்து வந்தபோது மலை முழுக்க எரிந்துகொண்டிருந்தது.

கட்டத்தை வரைந்து, அதற்குள் இருந்த நாலையும் எழுதி, 'இதற்குமேல் படத்திலிருந்து தெரியவில்லை' என்று முடித்தாள். பிரிவுத் தலைவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அவ்வளவோடு விட்டிருக்கலாம். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் போன் பேச்சில் வந்த மௌனமே காதில் நின்றது. 'தெரியுதா?' என்று அவள் கேட்டதற்கும் 'தெரியுது' என்று அவன் சொன்னதற்கும் நடுவில் அவன் என்ன யோசித்தான்? ஒவ்வொரு வருஷமும் கவாத்து முடிந்ததும் வெட்டிய கிளைகளைக் குவித்து எரிப்பது அவன் வழக்கம். காற்றுக் காலத்தில் எரிக்கமாட்டான். அதில் அவன் கெட்டிக்காரன். ஆனால் அந்த வருஷம் கவாத்து தள்ளிப்போனது என்று அண்ணி எப்போதோ சொல்லியிருந்தாள். வாசலில் புதுக் காவலாளி எழுந்து வணக்கம் வைத்தான். அவள் பதிலுக்குக் கையைக்கூடத் தூக்காமல் மேலே ஏறினாள்.

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணி பரிமாறினாள். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணா, அன்னைக்கு நீ கிளை எதுவும் கொளுத்துனியா?"

அண்ணியின் கரண்டி பாத்திரத்தில் நின்றது. அண்ணன் தலையை நிமிர்த்தினான்.

"யாரு கேக்குறது? உன் ஆபீசா, நீயா?"

"நான்தான் கேக்குறேன். ஆபீசுக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டேன். இது நமக்குள்ள."

"நமக்குள்ள." அவன் அந்தச் சொல்லை மெல்லத் திருப்பிச் சொன்னான். "என் மரம் எரிஞ்சு, என் வீடு எரிஞ்சு, போட்டிருக்கிற சட்டையோட உன் வீட்ல வந்து உக்காந்திருக்கேன். இதைக் கேக்கத்தான் சோத்தைப் போட்டு உக்கார வெச்சியா?"

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். போதும்."

"சொன்னாதான் நம்புவியா?"

"என்ன பேச்சு இது ரெண்டு பேருக்கும்? முதல்ல சாப்பிடுங்க" என்றாள் அண்ணி. அவன் சாப்பிட்டான். சோறு முழுவதையும், ஒரு பருக்கை விடாமல், யாரையும் பார்க்காமல் சாப்பிட்டான். கை கழுவினான். விடிந்ததும் அவர்கள் இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு அண்ணியின் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். பேருந்து நிலையம் வரை வருகிறேன் என்று அவள் செருப்பைத் தேடினாள். "வேணாம், உனக்கு வேலை இருக்கும்" என்றான் அண்ணன்.

விசாரணை ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தின் நீளமான கூடத்தில் நடந்தது. மின்விசிறிகள் சுற்றுவதற்கு மேல் சத்தம்தான் போட்டன. அவள் உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது, பலகையில் பெரிதாக்கி ஒட்டியிருந்த அவளுடைய படம். அவள் வரைந்த கட்டம் அதில் இல்லை. அதற்குப் பதிலாக அண்ணனின் தோட்டத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.

"இந்த வட்டத்தை நான் போடலை" என்றாள் எடுத்த எடுப்பிலேயே.

"விளக்கத்துக்காகப் போட்டதும்மா. உக்காருங்க" என்றார் விசாரணை அதிகாரி.

உண்மையைச் சொல்வேன் என்று உறுதிமொழி வாங்கினார்கள். கட்டம் என்றால் என்ன, அது தரையில் எவ்வளவு பெரியது, படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அதிகாரி தலையாட்டினார். குறிப்பெடுப்பவர் அதில் எவ்வளவு எழுதினார் என்பது அவருக்கே வெளிச்சம். பிறகு மரக் கம்பெனியின் வக்கீல் எழுந்தார். மென்மையான ஆள். அவளுக்குத் தண்ணீர் ஊற்றி நகர்த்திவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"உங்க நேர்மையை யாரும் சந்தேகப்படலை மேடம். படத்தை வெச்சு, தோட்டத்துல ஆரம்பிச்சதுன்னு சொல்ல முடியாது. சரியா?"

"சரி."

"தோட்டத்துல ஆரம்பிக்கலைன்னும் சொல்ல முடியாது?"

"முடியாது."

"அப்ப படத்தை விட்டுடுவோம். தோட்டக்காரரு உங்க கூடப்பொறந்த அண்ணன். உங்களை வளத்தவரு. அவரை உங்களைவிட நல்லாத் தெரிஞ்சவங்க இந்தக் கூடத்துல யாரும் இல்லை. உங்க மனசுல ஒரு தடவைகூட சந்தேகம் வரலையா? நீங்கதான் வெச்சீங்களான்னு அவர்கிட்ட கேட்டதே இல்லையா?"

கூடத்தின் கடைசி வரிசையில் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை லேசாக, மிக லேசாக, இல்லை என்பதுபோல் அசைத்தாள். அந்தச் சாப்பாட்டு மேசையில் இருந்தது மூன்றே பேர். இல்லை என்று அவள் சொன்னால் அதை மறுக்க உலகத்தில் ஆள் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். இல்லை என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. வந்து அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"கேட்டேன்" என்றாள்.

வக்கீலே அதை எதிர்பார்க்கவில்லை. குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். "அவரு என்ன சொன்னாரு?"

"வெச்சேன்னும் சொல்லலை. வைக்கலைன்னும் சொல்லலை. நான் கேட்டதுல அவருக்குக் கோவம்."

"நன்றி மேடம். வேற கேள்வி இல்லை."

அவள் மேலே பேச வாயெடுத்தாள். கம்பெனியின் மின்கம்பியைப் பற்றி, சாலையைப் பற்றி, கோபத்தில் பேசாமல் இருப்பது அண்ணனின் சுபாவம் என்பதைப் பற்றி. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்மா" என்றார் அதிகாரி. அவள் இறங்கி வந்தபோது கடைசி வரிசை காலியாக இருந்தது.

அறிக்கை வந்தது. தீ 'பெரும்பாலும்' ஆரஞ்சுத் தோட்டத்திலிருந்து கிளம்பியிருக்கக்கூடும் என்று எழுதியிருந்தார்கள். செயற்கைக்கோள் படம் முதல் ஆதாரம். சொந்தத் தங்கைக்கே எழுந்த சந்தேகம் இரண்டாவது. மின்கம்பியைப் பற்றி ஒரே ஒரு வரி. வைத்தான் என்று நிரூபிக்க வழியில்லாததால் சிறைக்கு அனுப்பவில்லை. ஆனால் அந்தப் 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. காப்பீட்டு நிறுவனம் கையை விரித்தது. அக்கம்பக்கத்தார் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். யாரோ வீட்டின் மிச்சச் சுவரில் கரியால் 'கொலைகாரன்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். தோட்டத்தை விற்க வேண்டியதாயிற்று. வாங்கியது மரக் கம்பெனி. வேறு யார் வாங்குவார்கள்?

அலுவலகத்தில் அடுத்த வருஷ நாட்காட்டி அச்சாகி வந்தது. மலையிலிருந்து கிளம்பிக் கடல்வரை விரிந்த அந்தப் புகைதான் அட்டைப்படம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, விரித்த கூந்தல் மாதிரி. "நம்ம புகை மேடத்தோட படம்!" என்று எல்லோரும் கைகொடுத்தார்கள். பிரிவுத் தலைவருக்குப் பதவி உயர்வு. வேறு மேசைக்கு மாற்றிவிடுங்கள் என்று அவள் எழுதிக் கொடுத்ததை அவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். "உங்களை விட்டா இந்த வேலைக்கு யாரு இருக்கா?"

அண்ணனிடமிருந்து போன் இல்லை. அவள் அழைத்தால் எடுப்பதில்லை. அண்ணி மட்டும் எப்போதாவது இரண்டு வார்த்தை பேசுவாள். அவர்கள் வேறொரு ஊரில் இருந்தார்கள். யாரோ ஒருவருடைய நாற்றங்காலில் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டு விற்கிற வேலை அண்ணனுக்கு. மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனாள்.

நாற்றங்காலின் பச்சை வலைக்குக் கீழே அண்ணன் குனிந்து கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டான்.

"வாங்க" என்றான்.

அவள் தனக்குப் பின்னால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான். ஓரத்தில் இருந்த அறைப் பக்கம் திரும்பி, "யாரு வந்திருக்காங்க பாரு. தண்ணி கொண்டா" என்றான் அண்ணியிடம். கோபமாகச் சொல்லவில்லை. கன்று வாங்க வந்தவர்களிடம் பேசுகிற அதே குரல். பயணம் சௌகரியமாக இருந்ததா என்று கேட்டான். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டான். அவன் திட்டியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அண்ணா, அன்னைக்கு நான் பொய் சொல்லியிருக்கணுமா?"

அவன் ஒரு பையை எடுத்து மண்ணைத் தட்டிச் சமப்படுத்தினான். "அதையும் என்கிட்டயே கேக்குறீங்களா?" என்றான். பிறகு, யாரோ கன்று கேட்டு வந்ததால், "வரேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனான். திரும்பி வரவில்லை.

அண்ணிதான் பேருந்து நிறுத்தம் வரை வந்தாள். நிழற்குடையின் கீழ் நின்றதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்கு நான் வீட்டுக்குள்ள இருந்தேன். அவர் வெச்சாரா இல்லையான்னு எனக்கும் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் நான் கேக்கலை."

"கேக்கணும்னு தோணலையா அண்ணி?"

"தோணாம? தினமும் தோணுது. ஆனா நான் அவர்கூட இருந்தாகணுமே."

பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தபோது அண்ணி ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.

அடுத்த கோடை வந்தது. வேறு மலைகள் எரிந்தன. அவள் ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து, மெலிசு, நடுத்தரம், அடர்த்தி என்று வரைந்துகொண்டிருக்கிறாள். எங்கே ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால், அதற்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுகிறாள். கைகழுவ வருகிறவர்கள் இப்போது அவள் திரையை எட்டிப் பார்ப்பதில்லை.